மூச்சோடு கொஞ்சம் பேசுவோம்: வாசகர் கேள்வி பதில்

சாரல் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. ஆரியங்காவு கணவாய் வழியாக ஈரக்காற்று வீச ஆரம்பித்தால் குற்றாலத்துக்குக் கூட்டம் வரும், எங்கள் கிளினிக்குக்கும் கூட்டம் வரும். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி இளைப்பை, அதாவது ஆஸ்துமாவைப் பற்றியவைதான். அதிலும் பலர் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. மூச்சுப் பயிற்சி, மனசு, பயம், பழக்கம் இவற்றைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 41 வயசு. பதினாலு வருஷமாக இளைப்பு. வீட்டில் பீடி சுற்றுகிறேன். புனலூரில் இருக்கும் என் தம்பி ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப்போனான். வயிற்றால் மூச்சு விடுவது, மூக்கால் மெதுவாக இழுப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று வாரமாகச் செய்கிறேன். மூச்சு அவ்வளவு லேசாக இருக்கிறது டாக்டர். காலையும் இரவும் எடுக்கிற பம்பை (இன்ஹேலர்) நிறுத்திப் பத்து நாள் ஆச்சு. ஒன்றும் ஆகவில்லை. இப்படியே விட்டுவிடலாமா?
வாசகி, பண்பொழி

அக்கா, மூச்சு லேசாக இருக்கிறது என்று படித்ததும் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அடுத்த வரியைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. இன்றைக்கே பம்பை மறுபடி தொடங்குங்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கிச் சிவந்து கிடக்கிறது. அது எப்போதும் தெரிவதில்லை. தூசியோ குளிர்காற்றோ பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி சேர்கிறது, விசில் சத்தம் வருகிறது. நீங்கள் காலையும் இரவும் எடுத்துக்கொண்டிருந்தது அந்த வீக்கத்தை அடக்கி வைக்கிற ஸ்டீராய்டு மருந்து. ரொம்பச் சின்ன அளவு, நேரே நுரையீரலுக்குப் போவது. அதை நிறுத்தினால் வீக்கம் மறுநாளே திரும்பி வராது, நாளாக ஆக மெல்ல மெல்ல வரும். அதனால் பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது, இதுவரை நீங்கள் போட்ட மருந்தின் மிச்சத்தில் ஓடுகிற ஓட்டம்தான்.

அப்படியானால் மூச்சுப் பயிற்சி வெறும் பிரமையா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. அது வேலை செய்கிற இடம் வேறு. பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் உட்காரும் விதத்தை ஒருநாள் யாரையாவது போனில் படம் எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். முதுகு வளைந்திருக்கும், தோள் காதுப்பக்கம் ஏறியிருக்கும், வயிறு தட்டுக்குக் கீழே மடிந்து அசைய இடமில்லாமல் இருக்கும். எண்ணிக்கை முடியவேண்டும் என்கிற அவசரத்தில் வாய் லேசாகத் திறந்திருக்கும், மூச்சு மேல்நெஞ்சில் மட்டும் சின்னச் சின்னதாக ஓடும். நாள் முழுக்க இப்படி மூச்சு விட்டால் இளைப்பு இல்லாதவருக்கே நெஞ்சு இறுகும், கழுத்து வலிக்கும், இன்னும் காற்று வேண்டும் வேண்டும் என்று தோன்றும். உங்களுக்கு இளைப்பின் பாரத்தோடு இந்தப் பாரமும் சேர்ந்திருந்தது. பிசியோதெரபிஸ்ட் இந்த இரண்டாவது பாரத்தை இறக்கி வைத்திருக்கிறார், அதனால்தான் இவ்வளவு லேசாக இருக்கிறது. முதல் பாரம் அங்கேயே இருக்கிறது.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. பிரிட்டனில் ஆஸ்துமா உள்ள 655 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2018இல் வெளியானது. சிலருக்கு மூச்சுப் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் நேரில் சொல்லிக்கொடுத்தார், சிலருக்கு டிவிடியும் சின்னப் புத்தகமும் கொடுத்தார்கள், மீதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது பயிற்சி செய்தவர்களின் அன்றாட வாழ்க்கை தெளிவாக மேம்பட்டிருந்தது. டிவிடி பார்த்துப் பழகியவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன். ஆனால் ஊதிப் பார்க்கிற சோதனையில் நுரையீரல் வேலை செய்கிற அளவு மாறவில்லை, வீக்கமும் குறையவில்லை. அந்தப் பயிற்சியை மருந்தோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், என்னை ரொம்ப யோசிக்க வைத்த ஆய்வு இது. 2011இல் அமெரிக்காவில் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒருமுறை நிஜ மருந்துப் பம்பு, ஒருமுறை மருந்தே இல்லாத பம்பு, ஒருமுறை குத்துவது போல் பாவனை மட்டும் செய்கிற அக்குபங்சர், ஒருமுறை எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 'எவ்வளவு தேவலை?' என்று கேட்டால் நிஜ மருந்துக்கு 50 சதவீதம், வெறும் பம்புக்கு 45, பாவனை ஊசிக்கு 46 என்று கிட்டத்தட்ட ஒன்றுபோலவே பதில் வந்தது. ஊதச்சொல்லி அளந்தால் நிஜ மருந்துக்கு ஊதுகிற காற்று 20 சதவீதம் கூடியிருந்தது, மற்ற எல்லாவற்றுக்கும் 7 சதவீதம்தான். தேவலை என்று உடம்பு சொல்வது பொய்யில்லை அக்கா, ஆனால் அதை மட்டும் நம்பி மருந்தை நிறுத்தக்கூடாது.

பயிற்சியை விடாதீர்கள். இரவு பாயில் மல்லாந்து படுத்து, அரைக்கிலோ அரிசிப் பொட்டலத்தைத் தொப்புளுக்கு மேலே வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது பொட்டலம் எழும்ப வேண்டும், விடும்போது இறங்க வேண்டும், நெஞ்சு சும்மா கிடக்க வேண்டும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். படுத்தால் மூச்சு முட்டுகிற நாளில் தலையணை அடுக்கிச் சாய்ந்து செய்யுங்கள். படுத்துப் பழகியதை அப்புறம் உட்கார்ந்து செய்யுங்கள், அப்புறம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒவ்வொரு கட்டு முடியும்போதும் தோளை இறக்கி நாலு மூச்சு. புகையிலைத் தூளைப் புடைக்கும் வேலையை மட்டும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், முடியாவிட்டால் முற்றத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு செய்யுங்கள். மூன்று மாதம் இளைப்பு நல்ல கட்டுப்பாட்டில் இருந்தால் மருந்தின் அளவை உங்கள் டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். அதைக் கேட்டு வாங்குங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

கேள்வி: நான் செங்கோட்டையில் மரம் அறுக்கிற மில்லில் வேலை பார்க்கிறேன். வயசு 26. ராத்திரி திடீரென்று மூச்சு அடைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, செத்துவிடுவேனோ என்று தோன்றுகிறது. உடனடி நிவாரணத்துக்கான நீலப் பம்பு ஆறு ஏழு தடவை அடித்தும் போகாது, சில நாள் தானாகவே போய்விடும். ஒரு டாக்டர் ஆஸ்துமா என்றார், இன்னொருவர் பயம்தான் என்றார். எதை நம்புவது?
வாசகர், புளியரை

தம்பி, இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருக்கலாம். ஆஸ்துமாக்காரர்களுக்குப் பயத்தாக்குதல் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. மூச்சு முட்டிய அனுபவம் ஒருமுறை பட்டவன் உடம்பு அதை மறப்பதில்லை. நெஞ்சு கொஞ்சம் இறுகியதும் மனசு பழையதை நினைத்துப் பதறும், பதறினால் மூச்சு வேகமாகும், வேகமான மூச்சு குளிர்ந்த காற்றை வாய்வழியாக உள்ளே அடிக்கும், குழாய் இன்னும் இறுகும். பயமும் இளைப்பும் இப்படி ஒன்றை ஒன்று தூக்கிவிடும்.

பிரித்துப் பார்க்க சில அடையாளங்கள் உண்டு. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போய் எறும்பு ஊர்வது போலிருந்தால், அது தேவைக்கு மேல் மூச்சு விட்டு உடம்பில் கரியமில வாயு குறைந்ததன் அடையாளம், அதாவது பயம். மூச்சை வெளியே விடும்போது விசில், இருமல், விடிகாலை இரண்டு மூன்று மணிக்கு எழுப்பிவிடுவது என்றால் ஆஸ்துமா பக்கம். மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் சத்தம் வந்து, பம்பு துளியும் கேட்கவில்லை என்றால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. திறக்க வேண்டிய நேரத்தில் குரல்நாண் மூடிக்கொள்கிற கோளாறு அது. அதற்குப் பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித்தரும் தொண்டைப் பயிற்சிதான் முக்கிய சிகிச்சை. பல பேர் இதற்கு வருஷக்கணக்காக ஆஸ்துமா மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த அடையாளமெல்லாம் யாருக்கும் ஞாபகம் வராது. அதனால் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்குங்கள். கையடக்கக் குழாய்தான், பலமாக ஊதினால் முள் ஓடி ஒரு எண்ணில் நிற்கும். நன்றாக இருக்கும் நாட்களில் உங்களால் ஊத முடிந்த அதிகபட்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூச்சு முட்டும்போது ஊதிப்பாருங்கள். அந்த எண்ணில் 80 சதவீதத்துக்கு மேல் வந்தால் குழாய் திறந்துதான் இருக்கிறது, பெரும்பாலும் பயம்தான், மெதுவாக விடும் மூச்சைத் தொடங்குங்கள். 80க்குக் கீழே போனால் பம்பு. 50க்கும் கீழே என்றால் பம்பு அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஊதவே முடியவில்லை, அல்லது சந்தேகமாக இருக்கிறது என்றால் ஆஸ்துமா என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேப்பர் பையை மூக்கில் கவிழ்த்து மூச்சு விடச் சொல்வார்கள், இளைப்பு உள்ளவர் அதைச் செய்யவே கூடாது, ஆபத்து.

இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதி ஒரு நோட்டில் எழுதுங்கள், லீவு நாட்களிலும் எழுதுங்கள். மில்லுக்குப் போகிற நாட்களில் எண் இறங்கி லீவில் ஏறுகிறது என்றால் மரத்தூள்தான் வில்லன், மாஸ்க்கும் வேலையை மாற்றிக்கொள்வதும் எந்த மூச்சுப் பயிற்சியையும்விட முக்கியம். அந்த நோட்டோடு நெஞ்சு டாக்டரைப் பாருங்கள். ராத்திரியில் ஆறேழு தடவை நீலப் பம்பு அடிக்க வேண்டி வருகிறது என்றால், ஆஸ்துமாவாக இருக்கும் பட்சத்தில், வீக்கத்துக்கான மருந்து போதவில்லை என்று அர்த்தம். 2019இலிருந்தே சர்வதேச வழிகாட்டல், நீலப் பம்பை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு ஆஸ்துமாவைச் சமாளிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

பயம்தான் பெரிய பங்கு என்று தெரிந்தால் அதற்கும் முறையான சிகிச்சை இருக்கிறது. 'செத்துவிடுவேன்' என்கிற எண்ணம் எந்த நொடியில் வருகிறது, அதற்கு முன் உடம்பில் என்ன நடந்தது, போன தடவை கடைசியில் என்ன ஆயிற்று என்று எழுதி எழுதிப் பார்க்கிற மனநலப் பயிற்சி அது, சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை தம்பி.

கேள்வி: கபாலபாதி செய்தால் ஆஸ்துமா அடியோடு போகும் என்கிறார்களே?
வாசகர், வடகரை

போகாது. கபாலபாதி மாதிரி வேக வேகமாக மூச்சை அடிக்கிற பயிற்சிகள் இளைப்பு இருக்கும் நாளில் குழாயை இன்னும் இறுக்கலாம், அன்றைக்குத் தொடவே வேண்டாம். மெதுவான பயிற்சிகள், ஆசனம், தியானம் நல்லவை. பெங்களூரில் 53 பேருக்கு யோகா கற்றுக்கொடுத்து, அவர்களைப் போன்றே உள்ள வேறு 53 பேரோடு ஒப்பிட்டு 1985இலேயே ஆய்வு வெளியிட்டார்கள், யோகா செய்தவர்களுக்கு இளைப்பும் மருந்துத் தேவையும் குறைந்தது. அப்புறம் 2016இல் 15 ஆய்வுகளை, மொத்தம் 1,048 பேரை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது வாழ்க்கைத் தரத்திலும் அறிகுறிகளிலும் சின்ன முன்னேற்றம் இருக்கலாம் என்றுதான் முடிவு வந்தது. சின்ன முன்னேற்றமும் முன்னேற்றம்தானே, மருந்தோடு சேர்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: நான் கடையநல்லூரில் பிறந்து ஆரியங்காவில் வாழ்க்கைப்பட்டவள். இங்கே இளைப்பை 'வலிவு' என்கிறார்கள். வீட்டில் சண்டை வந்தால், அழுதால், உடனே எனக்கு வலிவு வந்துவிடும். மாமியார் 'எல்லாம் நடிப்பு, மனசுல இருக்கு' என்கிறார்கள். வீட்டுக்காரரும் இப்போது அதையே சொல்கிறார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் நடிக்கிறேனா?
பெயர் வேண்டாம்

தங்கச்சி, நீ நடிக்கவில்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

1886இல் அமெரிக்காவில் மெக்கன்சி என்றொரு டாக்டர். அவரிடம் வந்த ஒரு பெண்ணுக்கு ரோஜாப் பூ பக்கத்தில் வந்தாலே மூச்சு முட்டும். ஒருநாள் அவர் செயற்கை ரோஜாவை எடுத்து நீட்டினார். மகரந்தம் இல்லை, வாசம் இல்லை, ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு மூக்கு ஒழுகி மூச்சு முட்டிவிட்டது. 1968இல் இதை அளந்தே பார்த்தார்கள். ஆஸ்துமா உள்ள 40 பேரிடம், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் இது என்று சொல்லி வெறும் உப்புத்தண்ணீர் ஆவியை இழுக்க வைத்தார்கள். 19 பேருக்கு மூச்சுக்குழாய் நிஜமாகவே இறுகியது, அதில் 12 பேருக்கு முழு இளைப்பே வந்துவிட்டது. நடிப்பாக இருந்தால் கருவியில் எப்படித் தெரியும்? மூளையிலிருந்து நரம்பு வழியாகத்தான் மூச்சுக்குழாய்த் தசைக்கு உத்தரவு போகிறது, துக்கமும் கோபமும் அதே வழியில்தான் போகின்றன. அதோடு, அழும்போது மூச்சு வேகமாகி வாய்வழி ஓடுகிறது. ஏற்கெனவே வீங்கிய குழாய்க்கு இது போதும். 'மனசுல ஆரம்பிக்குது' என்று மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, 'நடிப்பு' என்பதில் துளியும் இல்லை.

போன நூற்றாண்டில் படித்த டாக்டர்களே இந்தத் தப்பைச் செய்தார்கள். ஆஸ்துமா என்பது தாய்க்காக அடக்கி வைத்த அழுகை என்றெல்லாம் எழுதி, எத்தனையோ தாய்மார்களைக் குற்றவாளி ஆக்கினார்கள். வீக்கத்துக்கு மருந்து வந்த பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. அதனால் உன் முதல் வேலை, தினசரி மருந்து சரியாகப் போகிறதா என்று பார்ப்பது. குழாயில் வீக்கம் குறைந்திருந்தால் அதே சண்டை வந்தாலும் இளைப்பு அவ்வளவு சுலபமாக வராது. வீட்டுக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற புகைப்புரை இருந்தால், சண்டை நாளில் மட்டும் வருகிறதா, புகை நாளிலும் வருகிறதா என்று காலண்டரில் ஒரு புள்ளி வைத்துப் பார்.

இரண்டாவது, தசையைத் தளர்த்துகிற பயிற்சி. உட்கார்ந்து கையை இறுக முஷ்டி பிடி, ஐந்து எண்ணு, சட்டென்று விடு. அந்த விடுகிற சுகத்தைக் கவனி. அப்புறம் தோள், முகம், வயிறு, கால். இது குழாயைத் திறக்கும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் பதற்றம் உச்சிக்கு ஏறாமல் பிடித்துவைக்க உதவும். சண்டை இல்லாத நாளில் பழகினால்தான் சண்டை நாளில் கை கொடுக்கும். மூன்றாவது, அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போ. வலிவு இருக்கும்போது பீக் ஃப்ளோ மீட்டரில் நீ ஊதுகிற எண்ணை அவர் கண்ணால் பார்க்கட்டும். நான் பார்த்தவரை ஆண்கள் மனைவி சொல்வதைவிட முள் காட்டுவதைச் சீக்கிரம் நம்புகிறார்கள், எனக்கு இதில் வருத்தம்தான், ஆனாலும் அது உனக்கு உதவட்டும். அங்கே அடி, மிரட்டல் என்று ஏதாவது இருந்தால் அதற்கு மூச்சுப் பயிற்சி பதில் இல்லை. 181 பெண்கள் உதவி எண், கேரளாவிலும் அதேதான். தயங்காதே.

கேள்வி: மகனுக்கு எட்டு வயசு. பம்பை எடுத்தாலே ஓடி ஒளிகிறான். 'பழகிவிட்டால் விடமுடியாது' என்று அவன் ஆச்சி வேறு சொல்கிறார்கள். ராத்திரி இழுக்கும்போது அவனைவிட நான்தான் அதிகம் நடுங்குகிறேன்.
தந்தை, கேசவபுரம்

அண்ணாச்சி, கடைசி வரியை மறைக்காமல் எழுதினீர்களே, அதிலிருந்தே தொடங்குவோம். மூச்சு முட்டுகிற பிள்ளை முதலில் பார்ப்பது அப்பா அம்மா முகத்தைத்தான். உங்கள் கை நடுங்கினால் அவனுக்கு அதுதான் செய்தி. அதனால் ராத்திரிக்கு என்ன செய்வது என்பதைப் பகலில் உங்கள் டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி பீரோக் கதவில் ஒட்டுங்கள். பொதுவாகச் சொல்வது இதுதான்: நிமிர்த்தி உட்கார வையுங்கள். நீலப் பம்பை ஸ்பேசரில் (பம்பில் மாட்டுகிற பிளாஸ்டிக் குடுவை) வைத்து ஒரு அழுத்து, நாலு மூச்சு. இப்படி நாலு தடவை. நாலு நிமிஷம் பொறுங்கள். தேறவில்லை என்றால் மறுபடி நாலு, அதோடு 108. முழு வாக்கியம் பேச முடியவில்லை, விலா உள்ளே குழிகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் எதற்கும் காத்திருக்காமல் முதலிலேயே 108ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை பம்பை நிறுத்தாதீர்கள். தாளைப் பார்த்துச் செய்கிற கை அவ்வளவு நடுங்காது, நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். மூச்சை அவனோடு சேர்ந்து சத்தமாக எண்ணுங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் அது.

ஆச்சியிடம் சொல்லுங்கள், இது போதை மாதிரி பழகுகிற மருந்து இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி போடுகிற மாதிரி, தேவைப்படுகிறவரை போடுவது.

ஓடி ஒளிவதற்கு அடிக்காதீர்கள், லஞ்சமும் வேண்டாம். பம்பு உடம்பு சரியில்லாத நேரத்தில் மட்டும் வெளியே வந்தால் பிள்ளைக்கு அது பயத்தின் பொருளாகிவிடும். நன்றாக இருக்கும் நாளில் ஸ்பேசரை விளையாடக் கொடுங்கள். முதல் நாள் பொம்மைக்குப் போடட்டும், அடுத்த நாள் உங்கள் வாயில் வெறும் ஸ்பேசரை வைத்து எண்ணட்டும், ஆச்சிக்கும் வைக்கட்டும். சில ஸ்பேசரில் வேகமாக இழுத்தால் விசில் அடிக்கும், 'விசில் வராமல் இழுத்தால் நீ ஜெயித்தாய்' என்றால் அவனே மெதுவாக இழுக்கக் கற்றுக்கொள்வான். தினசரி மருந்தைப் பல் தேய்ப்பதற்கு முன்னால் வையுங்கள், பிரஷ் பக்கத்திலேயே பம்பு இருக்கட்டும். மருந்து எடுத்ததும் பல் தேய்த்து வாய் கொப்பளித்துவிடுவதால் வாய்ப்புண் வருவது குறையும், மறந்தும் போகாது.

பள்ளிக்கு ஒரு பம்பும் ஸ்பேசரும் தனியாக வேண்டும். பையன் பெயரையும் 'நாலு அழுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு மூச்சு' என்பதையும் பட்டையில் எழுதி ஒட்டி, வகுப்பு டீச்சர் கையில் கொடுங்கள். ஓடிப்பிடித்து விளையாடுவதை நிறுத்த வேண்டாம் என்றும் டீச்சரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.